பண்ணைப் பாலம் கடந்து ஓர் இரவு

மார்கழி பிறந்துவிட்டால் யாழ்ப்பாண நகரத்துக்குப் புதுக் களை வந்துவிடுகிறது. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் ஒளிவிழாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தேறுகின்றன. கடைவாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்திறங்கிய உறவுகள் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளை நிறைக்கின்றன. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்து சேர்ந்த பின்னர், சனிக்கிழமை கொழும்பிலிருந்து வந்து ஓர் இரவு தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடும் இளந்தம்பதியரும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டனர். நத்தார் வாரத்தில் நகர விடுதிகளில் அறை கிடைப்பதென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இந்த விடுதிகளில் நீங்கள் அநேகமாகக் காண முடியாத ஒரு தரப்பினர் உண்டு. அவர்கள் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இருக்கும் தீவகத்து மக்கள். அவர்கள் நகரத்துக்கு வராதவர்கள் அல்லர். மீன் விற்கவும் உடுப்பு வாங்கவும் வைத்தியசாலைக்கும் வங்கிக்கும் நாள்தோறும் வருகிறார்கள். ஆனால் பொழுது சாய்ந்தால் அவர்களுடைய கண் கடிகாரத்தில் இருக்கும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது தீவகத்துப் பிள்ளை வாய்ப்பாட்டுக்கு முன்னரே கற்றுக்கொள்ளும் பாடம்.

எங்கள் ஊர் அல்லைப்பிட்டி. நகரத்திலிருந்து புறப்பட்டு, கோட்டையைக் கடந்து, இருபுறமும் பரவைக்கடல் விரிந்து கிடக்கும் பண்ணைப் பாதையில் ஏறி, மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் வருகின்ற ஊர். பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். மோட்டார் சைக்கிளில் கால்மணி நேரம் போதும். இத்தனை அருகில் இருக்கும் நகரத்தில் போய் ஓர் இரவு தங்குவதற்கு எனக்கும் என் மனைவிக்கும் 30 ஆண்டுகள் தேவைப்பட்டன என்றால், வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன்னர் இதைக் கொஞ்சம் வாசித்துவிடுங்கள்.

எங்களுக்குத் திருமணம் நடந்தது 1994 டிசெம்பர் 28 ஆம் திகதி. கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியில் அது மாசற்ற குழந்தைகளின் திருநாள். ஏரோது மன்னன் கொல்வித்த பாலகர்களை நினைவுகூரும் நாள். நத்தார் முடிந்து மூன்றே நாட்களில் அப்படியொரு துக்க நாளை ஏன் வைத்தார்கள் என்று நான் சிறுவயதில் யோசித்ததுண்டு. திருமணத்துக்கு அந்த நாளைத் தெரிவுசெய்தவர் என் மாமியார். 'பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரின்ர நாள் அது. அண்டைக்குக் கேட்டால் கடவுள் மறுக்கமாட்டார்' என்பது அவருடைய கணக்கு.

அவர் கேட்டது என்ன என்பதைச் சொல்ல வேண்டும். 1990 ஓகஸ்ட் மாதத்தில், முற்றுகைக்குள் இருந்த யாழ்ப்பாணக் கோட்டையை மீட்பதற்காக இராணுவம் தீவகத்தின் வழியாக முன்னேறியது. வேலணையிலும் அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் பிடிக்கப்பட்ட இளைஞர்கள் பலர் திரும்பி வரவேயில்லை. அவர்களுள் ஒருவர் என் மனைவியின் அண்ணன். அப்போது அவருக்கு வயது 20. 'விசாரித்துவிட்டு விடுவோம்' என்று சொல்லிக் கொண்டுபோனார்கள். அந்தச் சொற்களைத்தான் மாமியார் கடைசிவரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.

1991 இல் தீவகம் மீண்டும் இராணுவத்தின் வசமானபோது, ஊரைவிட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடிய ஆயிரக்கணக்கானவர்களோடு அந்தக் குடும்பமும் ஓடியது. புறப்படும்போது மாமியார் அடுப்புக்கரியை எடுத்து, விறாந்தைச் சுவரில் தாங்கள் போகும் உறவினர் வீட்டு விலாசத்தை எழுதிவைத்தாராம். 'வந்து பாத்தால் தேடுவான்' என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அந்த உறவினர் வீட்டில்தான் எங்கள் திருமணமும் நடந்தது. 1994 இன் இறுதி சமாதானப் பேச்சுப் பற்றிய நம்பிக்கை நிறைந்திருந்த காலம். ஆனால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பவுண் விலை. ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் வைத்து எரித்த விளக்குகளின் வெளிச்சத்தில்தான் எங்கள் திருமண விருந்து. நான் அப்போது பல்கலைக்கழகக் கலைப்பீடத்தை முடித்துவிட்டு ஒரு நாளிதழில் சேர்ந்திருந்தேன். அச்சுத்தாள் வராததால் பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாள்களில் பத்திரிகை அச்சாகிய நாட்கள் அவை. அந்த நிலையில் தேனிலவு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் எங்கே போவது? தெற்கே போக வழியில்லை. மேற்கே எங்கள் ஊருக்குப் போகவும் வழியில்லை.

அதன் பின்னர் வந்த இரவுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். ஒரு பாடசாலை வகுப்பறையில் ஐந்து குடும்பங்களோடு ஆறு மாதம் படுத்தெழும்பினோம். 1990களின் பிற்பகுதியில் அல்லைப்பிட்டிக்குத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கதவு, யன்னல் எதுவும் இல்லை. ஆனால் விறாந்தைச் சுவரில் அந்தக் கரி எழுத்துகளில் பாதி அழியாமல் இருந்தன. மாமியார் வீட்டைக் கூட்டும் முன்னர் அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். வேறு யாராவது கீழே ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. இரவில் வீடு பூட்டியிருக்கக் கூடாது. விறாந்தையில் ஒரு விளக்கு எரிய வேண்டும். உள்ளே ஓர் ஆளாவது இருக்க வேண்டும். கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் இரவு தங்கும் பேச்சு எழுந்தால், மாமியாரின் பதில் மூன்றே சொற்கள்: 'வீட்டில ஆள் வேணும்.' நான் வேலை நிமித்தம் நகரத்தில் தங்கிய இரவுகள் எத்தனையோ. ஊரடங்குச் சட்டத்துக்கு அகப்பட்டு, பத்திரிகைக் கட்டுகளின் மேல் தலைவைத்துப் படுத்த காலம் அது. 2000 ஒக்டோபர் 19 ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் தமது வீட்டிலேயே எழுதிக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எந்த இடத்து இரவு பாதுகாப்பானது என்ற கேள்வியே எங்கள் தொழிலில் அர்த்தமற்றதாகிவிட்டது. ஆனால் என் மனைவி அந்த இரவுகள் எல்லாவற்றையும் அல்லைப்பிட்டியில், அந்த விளக்கின் பக்கத்தில்தான் கழித்தார்.

ஒரேயொரு தடவை அந்தச் சட்டம் முறிந்தது. 2006 ஓகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டு, ஏ-9 பாதை மூடப்பட்டு, குடாநாடு முழுவதும் ஊரடங்கு விழுந்தபோது நான் நகரத்தில் இருந்தேன். மனைவியும் எட்டு வயது மகளும் மாமியாரும் ஊரவர்களோடு புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஓகஸ்ட் 13 ஆம் திகதி எறிகணைகள் அந்த ஆலயத்தின் மேலேயே விழுந்தன. குறைந்தது 15 பேர் மாண்டார்கள். பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் எஞ்சியவர்களை ஊர்காவற்றுறை புனித மரியாள் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு வாரம் கழித்து, ஓகஸ்ட் 20 ஆம் திகதி, அல்லைப்பிட்டிக்குச் சென்ற அடிகளாரும் அவரோடு போன ஊரவர் ஒருவரும் காணாமற்போயினர். இன்றுவரை அவர்களைப் பற்றித் தகவல் இல்லை. பத்துக் கிலோமீற்றருக்குக் குறைந்த தூரத்தில் என் குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஐந்து நாட்கள் எடுத்தன. ஊர்காவற்றுறையில் மாமியார் அழுதது எறிகணைக்காக அல்லவாம். வீட்டில் விளக்கு எரியவில்லையே என்பதற்காகவாம்.

மாமியார் 2021 இல் காலமானார். அதற்கு முன்னரே அந்த விளக்கு மின்குமிழாக மாறியிருந்தது. சட்டம் மட்டும் மாறவில்லை. என் மனைவி அதை வாரிசாக ஏற்றுக்கொண்டார்.

மகள் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். எங்கள் திருமணத்தின் 30 ஆவது ஆண்டு நிறைவுக்கு, 2024 டிசெம்பர் 28 ஆம் திகதி சனிக்கிழமை இரவு நாங்கள் தங்குவதற்கென்று யாழ்ப்பாண நகரத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் ஒரு விடுதியில் அறை ஒன்றை அங்கிருந்தே பதிவுசெய்து பணத்தையும் கட்டிவிட்டாள். பிறகுதான் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். 'வீட்டில ஆள் வேணுமே பிள்ளை' என்றார் தாய். 'அம்மா, நகை நட்டு ஒண்டும் வீட்டில இல்லைத்தானே? கள்ளன் வந்தால் என்னத்தைக் கொண்டுபோறது?' என்று கேட்டாள் மகள்.

மகளைக் குறைசொல்ல இடமில்லை. அவள் அண்ணாமார், தம்பிமார் காணாமற்போகாத ஒரு நாட்டில் வளர்ந்து முடித்தவள். வீட்டுக்குக் காவல் என்றால் அவளுக்குக் கள்ளன் நினைவு வருகிறது. எங்கள் ஊரில் அந்தக் காவல் யாரையும் வராமல் தடுப்பதற்கு அல்ல. வருபவரை வரவேற்பதற்கு.

மூன்று நாட்கள் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. நான்காம் நாள், குசினிக்குள் இருந்தபடியே, 'இஞ்சருங்கோ, பக்கத்து வீட்டுத் தம்பி விறாந்தையில படுப்பானோ?' என்று கேட்டார். கேட்டால் படுப்பான் என்றேன். அந்தப் பையன் உயர்தரம் படிக்கிறவன். கொப்பி புத்தகங்களோடு வந்து படுத்துக்கொள்கிறேன் என்றான். அவனுக்கு என் மனைவி கொடுத்த அறிவுறுத்தல்கள் நீளமானவை. படலையைப் பூட்டக்கூடாது. மின்சாரம் நின்றால் மேசையில் இருக்கும் அரிக்கன் விளக்கைக் கொளுத்த வேண்டும். கடைசி அறிவுறுத்தலைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்தது: 'ஆரும் வயசான ஒரு ஆள் வந்து கேட்டால், இருக்கச் சொல்லிப்போட்டு எங்களுக்கு கோல் எடு.' 20 வயதில் போன அண்ணனுக்கு இப்போது 54 வயதாகியிருக்கும் என்பதை அவர் எப்போதும் சரியாகவே கணக்கு வைத்திருந்தார்.

சனி பின்னேரம் நான்கு மணிக்குப் புறப்பட்டோம். நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையின் வெள்ளம் வடிந்து, வெளிகள் பச்சையாய்க் கிடந்தன. பண்ணைப் பாதையில் வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. இருபுறமும் பரவைக்கடலில் தடி நட்டு வலை கட்டிய மீன்பிடிக் களங்கள். எத்தனையோ ஆண்டுகள் நாங்கள் இந்தப் பாதையில் இறங்கி, வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, மறுபடி ஏறியிருக்கிறோம். அன்று எங்களை ஒருவரும் மறிக்கவில்லை. பின்னால் இருந்த மனைவி, முன்னர் சோதனைச்சாவடி இருந்த இடம் வந்தபோது, தன்னையறியாமல் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்ததை நான் பக்கக் கண்ணாடியில் கண்டேன்.

விடுதி வரவேற்பில் இருந்த இளைஞன் படிவத்தைப் பார்த்துவிட்டு, 'அல்லைப்பிட்டியோ? பக்கத்திலதானே ஐயா!' என்றான். பண்பான பிள்ளை. வியப்பை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் படிவத்தில் பெயர், விலாசம், எத்தனை இரவு என்று கேட்கப்பட்டிருந்தது. போர்க்காலத்தில் இரவில் ஒரு விருந்தாளி வீட்டில் தங்கினால் முகாமில் போய்ப் பதிய வேண்டியிருந்தது. அங்கும் ஏறத்தாழ இதே கேள்விகள்தாம். அப்போது ஏன் வந்தார் என்றும் கேட்பார்கள். இந்தப் படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. சமாதானம் என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால், படிவத்தில் ஒரு கேள்வி குறைவது என்று சொல்லலாம் போலிருந்தது.

அறைக்குள் என் மனைவி முதலில் செய்த வேலை, கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்ததுதான். பிறகு யன்னல் திரையை நீக்கினார். கீழே மணிக்கூட்டுக் கோபுரம். 1981 இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடம். அதன் அருகே இந்திய நிதியில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார மையம். அவற்றுக்கு அப்பால் கோட்டை. கோட்டைக்கும் அப்பால் கடல். கடலுக்கு அப்பால், இருளத் தொடங்கியிருந்த மெல்லிய ஒரு கோடு. நாங்கள் வாழ்நாள் முழுவதும் தீவிலிருந்து நகரத்தின் வெளிச்சத்தைப் பார்த்தவர்கள். நகரத்திலிருந்து தீவை இரவில் பார்ப்பது அதுதான் முதற்தடவை.

'இதில எங்கட லைற் எது?' என்று கேட்டார்.

சொல்ல முடியவில்லை. நாலைந்து புள்ளிகள் மின்னின. எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

இரவு ஓட்டோ ஒன்றில் பெரிய கோயிலுக்குப் போனோம். புனித மரியன்னை பேராலயத்தில் மாட்டுக்குடில் வைக்கோலும் களிமண்ணுமாய் அழகாக அமைக்கப்பட்டிருந்தது. சத்திரத்தில் இடம் கிடைக்காமல் தொழுவத்தில் இரவைக் கழித்த ஒரு தம்பதியைப் பார்க்க, விடுதியில் அறை எடுத்த ஒரு தம்பதி போய் நின்றோம். அந்தத் தம்பதியும் சில நாட்களில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியவர்கள்தானே. எங்கள் ஊர் ஆலயத்தின் பாதுகாவலர் பிலிப்பு நேரியார். அவர் உரோமையில் தொடங்கிய சபையின் வழியில் கோவாவில் உருவான சபையைச் சேர்ந்தவர்தான் யோசேவாஸ் அடிகளார். 1687 இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், மாறுவேடத்தில் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்தில் இரவுகளில் மறைவாகப் பூசை ஒப்புக்கொடுத்தவர். 2015 ஜனவரி 14 ஆம் திகதி காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். யாழ்ப்பாணத்து நத்தாருக்கு இரவும் ஒளிவிடமும் காத்திருத்தலும் புதியவை அல்ல.

மனைவி ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும், கட்டிலின் விளிம்பில் இருந்தபடி அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். 1991 இல் உறவினர் வீடு. 1995 இல் பாடசாலை. 2006 இல் ஆலயம். அதன்பின் ஊர்காவற்றுறை. வீட்டை விட்டு வெளியே கழித்த இரவுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. 'இதில ஒண்டும் நாங்கள் விரும்பிப் போனதில்லை, என்ன?' என்றார். இது முதலாவது என்றேன். அவர் தலையாட்டினார். அந்த நேரத்தில் கைத்தொலைபேசி ஒலித்தது. இருவரும் துள்ளி எழுந்தோம். பக்கத்து வீட்டுத் தம்பி வட்சப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். விறாந்தை, மேசை, திறந்த கணக்குப் புத்தகம், மேலே எரியும் மின்குமிழ். கீழே, 'எல்லாம் ஓகே அன்ரி.'

அந்தப் படத்தை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெளிச்சத்தை உள்ளேயிருந்து மட்டுமே பார்த்தவர், வெளியேயிருந்து வரும் ஒருவருக்கு அது எப்படித் தெரியும் என்பதை அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். 'வடிவாத் தெரியுது' என்றார். பிறகு படுத்து, உறங்கியும்விட்டார். இரவில் இரண்டு தடவை விழித்து யன்னலைப் பார்க்கும் வழக்கமுள்ளவர். அன்று காலை ஆறரைவரைக்கும் எழும்பவில்லை.

காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் தந்தார்கள். 'சொதிக்குப் புளி காணாது' என்று மெதுவாகச் சொன்னார். ஞாயிறு திருக்குடும்ப விழா. ஊர்ப் பூசைக்கு நேரமாகிறதென்று ஒன்பது மணிக்கு முன்னரே பாலம் கடந்துவிட்டோம். வீட்டுக்கு யாரும் வந்திருக்கவில்லை. அந்தப் பையனிடம் என் மனைவி கேட்கவில்லை. அவனே சொன்னான்.

இதை ஏன் இத்தனை விரிவாக எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். 2016 இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, அவரைக் காணவில்லை என்பதை உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்றைக் குடும்பத்தவர் பெறலாம். 2018 இல் காணாமற்போனோர் அலுவலகமும் இயங்கத் தொடங்கியது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டிலில் அமர்ந்த தாய்மாரும் தந்தையரும் கேட்டது சான்றிதழை அல்ல, பதிலை. அந்தப் பதிலைக் கேட்காமலே பலர் கண்ணை மூடிவிட்டார்கள். ஒரு பத்திரிகையாளனாக இவற்றையெல்லாம் செய்தியாக எழுதியிருக்கிறேன். ஆனால் பதில் கிடைக்காத ஒரு குடும்பம் ஓர் இரவுகூடச் சேர்ந்து வெளியே போக முடியாது என்பது எந்தச் செய்தியிலும் இடம்பெறவில்லை. அது இழப்பாக எந்தப் படிவத்திலும் பதியப்படுவதுமில்லை.

ஆகவே நண்பர்களே, நத்தாருக்கோ நல்லூர்த் திருவிழாவுக்கோ ஊருக்கு வந்து, நகரத்து விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, தீவகத்தில் இருக்கும் வயதான மாமியையோ சின்னம்மாவையோ 'ஒரு இரவு எங்களோட வந்து நில்லுங்கோ' என்று நீங்கள் கூப்பிடும்போது, அவர்கள் 'இல்லைப் பிள்ளை, வீட்டில ஆள் வேணும்' என்று சொன்னால், அதைக் கஞ்சத்தனம் என்றோ பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்றோ எண்ணிவிடாதீர்கள். வற்புறுத்தவும் வேண்டாம். அந்த வீட்டில் விளக்குப் போட ஒரு பிள்ளையை ஒழுங்குசெய்து கொடுங்கள். முடிந்தால் உங்களில் ஒருவர் போய் அந்த விறாந்தையில் படுங்கள். அதன் பிறகு கூப்பிட்டுப் பாருங்கள். வரக்கூடும்.